ஒடீலியாவின் கழுத்து

காசல்
21 ஜூலை 1984

அன்புள்ள ஹில்கே அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி? அப்பாவின் இடுப்பு எப்படி? "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே, அப்படி ஓர் அளவு எந்தக் கருவியிலும் கிடையாது. மழை நாளில் நொண்டுகிறாரா இல்லையா, அதை எழுது.

காஸ்பர் முதல் சுற்றில் தேறிவிட்டான் என்று குதிரை வளர்ப்போர் சங்கத்தின் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டிலிருந்து ஒரு வரி இல்லை. நம் தொழுவத்திலிருந்து ஓர் ஆண்குட்டி இனப்பெருக்கத்துக்கான பொலிக்குதிரைத் தேர்வுக்குப் போவது இதுதான் முதல் தடவை. சொல்லத் தோன்றவில்லையா உனக்கு?

இந்த வருடம் முதல் புது விதி. இறுதித் தேர்வுக்கு வரும் ஒவ்வொரு குட்டிக்கும் இரத்தப் பரிசோதனையில் தாயும் தகப்பனும் சரிபார்க்கப்பட வேண்டும். அந்த வேலை எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது. தகப்பனின் இரத்த விவரம் எங்களிடம் இருக்கிறது. காஸ்பருக்கு ஒரு குழாய், அவன் தாய் ஒடீலியாவுக்கு ஒரு குழாய், ஊர்க் கால்நடை மருத்துவர் பாடெயை எடுத்து அனுப்பச் சொல். என் வீட்டுக் குதிரை என்று எங்கள் தலைவியிடம் சொல்லிவிட்டேன். "குழாய்ல நம்பர்தான் இருக்கும், சொந்தமெல்லாம் இருக்காது, நீயே பாரு" என்றார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "சூட்டு ரத்தக் குதிரைங்கறாங்களே சார், அதுக்கென்ன காய்ச்சலா?" எல்லாக் குதிரைக்கும் முப்பத்தெட்டு டிகிரிதான் என்றேன். உழவுக் குதிரையின் பொறுமையில் பந்தயக் குதிரையின் படபடப்பை எந்த அளவுக்குக் கலக்கலாம் என்று இருநூறு வருடமாக நம் ஊர் விவசாயிகள் போட்டுப் பார்க்கும் கணக்கு அது, வேறொன்றும் இல்லை.

சீக்கிரம் அனுப்பு.

உன் தம்பி,
டீர்க்

•

கேடிங்கன்
9 ஆகஸ்ட் 1984

அன்புத் தம்பி டீர்க்குக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? ஆய்வக உணவகத்தில் தினமும் தொத்திறைச்சிதானே தின்கிறாய், எனக்குத் தெரியும்.

அப்பா நொண்டுகிறார். மழை இல்லாத நாளிலும் நொண்டுகிறார். ஆனால் காஸ்பரை ஓடவிட்டால் நொண்டாமல் கூடவே ஓடப் பார்க்கிறார். நேற்று கயிறு கட்டாமல் வேலி தாண்ட விட்டோம். ஒரு மீட்டர் முப்பது உயரம். முன்னங்கால் முட்டியை நெஞ்சுக்குக் கொண்டுபோய் மடக்கி, நடுமுதுகை வளைத்துத் தாண்டினான். இறங்கிய பிறகு அவசரமே இல்லை. நின்று புல்லைக் கடித்தான். அப்பா புகைக்குழாயைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

வைக்கோல் முழுக்க உள்ளே வந்துவிட்டது. கரையோரப் புல்வெளியில் போன வாரம் தண்ணீர் நின்றது, இப்போது இல்லை.

காஸ்பரின் குழாயை இத்துடன் அனுப்புகிறேன். ஒடீலியாவுக்குக் கொஞ்சம் சளி. அது தீர்ந்ததும் எடுக்கலாம்.

உன் அக்கா,
ஹில்கே

•

காசல்
17 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உடல் நலம்தான். மனம் நலமில்லை, காரணம் நீ.

சளி பிடித்த குதிரையிடமும் இரத்தம் எடுக்கலாம். கழுத்து நரம்புக்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை. நீ பத்து வருடமாக பாடெயின் கூடவே நின்று பிடிக்கிறாய், இது உனக்குத் தெரியாதா? படிவம் அக்டோபர் 12-க்குள் சங்கத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் காஸ்பர் பட்டியலில் இல்லை.

ஒடீலியாவுக்கு வயது பத்தொன்பது. பெண்குட்டி ஒன்றுகூடத் தங்கவில்லை. பதினோரு தலைமுறையாக நம் வீட்டில் தாயிலிருந்து மகளுக்கு வந்த வரிசை அவளோடு நிற்கிறது, காஸ்பர் வழியாக மட்டுமே இனி வெளியே போகும். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

டீர்க்

•

கேடிங்கன்
3 செப்டம்பர் 1984

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோபக்காரனுக்கு வயிறு கெடும், கவனம்.

ஒடீலியாவின் குழாய் இத்துடன் இருக்கிறது. பாடெ ஒரு பிரசவத்துக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது, குழாயை என் கையில் கொடுத்து "நீயே எடுத்துடு ஹில்கே, உன் கை என் கையவிட நிதானம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கையெழுத்து படிவத்தில் இருக்கிறது.

ஆப்பிள் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். அடியில் இருப்பவை இன்னும் பழுக்கவில்லை, முதலில் மேலே இருப்பவற்றைத் தின்று தீர்.

குட்டிகளின் தொடையில் சூடு போடும் முத்திரை இரும்பைப் பிடித்து நாற்பது வருடமானதற்காக சங்கம் அப்பாவுக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறதாம். தேர்வு நாளிலேயே, மேடையில்.

ஹில்கே

•

காசல்
10 செப்டம்பர் 1984

அக்காவுக்கு,

ஆப்பிள் வந்தது. நன்றி.

இரண்டு குழாயிலும் ஒரே குதிரையின் இரத்தம் இருக்கிறது. பதினான்கு காரணிகள் பார்த்தேன், பதினான்கும் ஒன்றேதான். தாய்க்கும் குட்டிக்கும் இப்படி அமையவே அமையாது. நீ காஸ்பரிடம் இரண்டு தடவை எடுத்திருக்கிறாய்.

தவறுதலாக என்றால் ஒரு வரி எழுது, நான் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறேன்.

டீர்க்

•

காசல்
26 செப்டம்பர் 1984

அக்காவுக்கு,

பதினாறு நாளாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. நலமா என்று கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

பாடெயிடம் தொலைபேசியில் பேசினேன். நீ சந்தைக்குப் போயிருந்த நாளில் அவரே வந்து ஒடீலியாவிடம் எடுத்து அனுப்பினார். முடிவு இது: ஒரு புரத வகையில் ஒடீலியாவுக்கு இரண்டு பங்கும் டி. காஸ்பருக்கு எஃப், ஆர். குட்டிக்குத் தாயிடமிருந்து ஒரு பங்கு வந்தே தீர வேண்டும். வரவில்லை. மூன்று முறை செய்தேன். தகப்பன் சரியாக இருக்கிறான். தாய் ஒடீலியா இல்லை.

நான் உன்னைத் திட்டவில்லை. கேட்கிறேன். காஸ்பரைப் பெற்றது எது?

டீர்க்

•

கேடிங்கன்
2 அக்டோபர் 1984

டீர்க்,

லோட்டே.

சிரிக்காதே. உருளைக்கிழங்கு வண்டி இழுத்த லோட்டேதான். 82 ஏப்ரலில் அப்பா இடுப்பு அறுவைக்கு ஹாம்பர்க்கில் படுத்திருந்தார். ஒடீலியா காலை ஐந்து மணிக்குப் போட்டாள், குட்டி செத்தே வந்தது. எட்டு மணிக்கு லோட்டே போட்டாள். குட்டி எழுந்து நின்றது, லோட்டே எழவில்லை. உள்ளே இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. பத்தரைக்கு முடிந்துவிட்டாள்.

ஒரு பக்கம் பால் கட்டிக் கத்தும் தாய், இன்னொரு பக்கம் பால் இல்லாத குட்டி. செத்த குட்டியின் தோலை உரித்து லோட்டேயின் குட்டிமேல் போர்த்திக் கட்டினேன். ஒடீலியா முகர்ந்தாள், உதைத்தாள், மறுபடி முகர்ந்தாள். மத்தியானம் குடிக்க விட்டாள். மூன்று நாள் கழித்துத் தோலை அவிழ்த்தபோது அவளுக்கு அது தேவைப்படவில்லை.

லோட்டேக்கு அந்த உயர்ந்த பொலிக்குதிரையைச் சேர்த்ததே நான்தான், ஒடீலியாவைக் கூட்டிப்போன அதே வாரம். அப்பா அன்று கேலி செய்தார்: "உருளைக்கிழங்கு வண்டிக்கு இளவரசன் மாப்பிள்ளையா?"

குட்டிக் கணக்கு எடுக்க பொலிக்குதிரை நிலையத்து ஆள் வந்தபோது குட்டி ஒடீலியாவின் அடியில் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே எழுதினான். எழுதியதை என் முன்னால் நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். அப்பா வந்ததும் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஜூனில் முத்திரை போடும் நாள். சங்கத்திலிருந்து டை கட்டிய மூன்று பேர் வந்து முற்றத்தில் நின்றார்கள். "கழுத்தப் பாருங்க, அப்படியே ஒடீலியா" என்றார் ஒருவர். "ஒடீலியாவோட அம்மாவுக்கும் இதே கழுத்துதான்யா" என்றார் அடுத்தவர். மூன்றாமவர், "இதுல அப்பன் பாடுபட்ட மாதிரியே தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு இரும்பை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக் கிடந்த மனிதர். லோட்டேயோடு அவள் குட்டியும் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

லோட்டேயின் பாட்டி 45 குளிர்காலத்தில் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து அகதி வண்டியை இழுத்துக்கொண்டு இங்கே வந்தவள். இடது தொடையில் அந்த ஊர் உயர்ந்த இனத்தின் கடமான் கொம்பு முத்திரை இருந்ததாம். அப்பாவே சொல்லியிருக்கிறார். அந்த அகதிக் குடும்பம் ரூர் பக்கம் சுரங்க வேலைக்குப் போனபோது அவளை நம்மிடம் விட்டுவிட்டுப் போனது. அதையும் யோசித்துப் பார்.

ஹில்கே

•

காசல்
5 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நிறைய தடவை படித்துவிட்டேன்.

தோல் விஷயம் சரி. நான் அங்கே இருந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது, இரண்டும் செத்திருக்கும்.

பாட்டியின் முத்திரையை வைத்து என்னிடம் வாதாடாதே. பிறப்புத் தாள் இல்லாத முத்திரை வெறும் தழும்பு. அவள் உயர்ந்த ஜாதியாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

கலப்பு எனக்குப் பிரச்சினை என்று நினைக்காதே. தாத்தா காலத்துக் குதிரை களிமண்ணில் கலப்பை இழுத்தது, சண்டை வந்தால் பீரங்கி இழுத்தது. டிராக்டர் வந்ததும் அதை யாரும் தேடவில்லை. நம் ஆட்கள் ஆங்கிலப் பந்தயக் குதிரையைச் சேர்த்தார்கள், கிழக்குப் பிரஷ்யக் குதிரையைச் சேர்த்தார்கள், முப்பது வருடத்தில் கனத்த கழுத்து மெலிந்தது, தோள் சாய்ந்தது, பின்னங்கால் அடியில் வந்து தள்ளத் தொடங்கியது. இன்று உலகமே வந்து வாங்குகிறது. கலந்தது தப்பில்லை. எதை எதனோடு கலந்தோம் என்று எழுதி வைத்தார்கள், அதனால்தான் அடுத்த தடவை எதைச் சேர்ப்பது என்று தெரிந்தது. காஸ்பர் பொலிக்குதிரை ஆனால் வருடத்துக்கு நாற்பது பெட்டைகள் வரும். நாற்பது குட்டிக்கும் இல்லாத பாட்டி. பத்து வருடம் கழித்து அதை எந்த ஊசியாலும் வெளியே எடுக்க முடியாது.

படிவம் 12-ஆம் தேதி போக வேண்டும். அதற்கு முன்னால் அப்பாவிடம் நீயே சொல். சங்கத்துக் கடிதத்தில் அவர் படிக்கக் கூடாது.

டீர்க்

•

கேடிங்கன்
10 அக்டோபர் 1984

டீர்க்,

நேற்று சொல்லப் போனேன். தொழுவத்தில் காஸ்பரின் பிடரி முடியைப் பின்னிப் பழகிக்கொண்டிருந்தார், முடிச்சு நிற்கவில்லை. என்னைப் பார்த்து, "தையக்காரன்கிட்ட கோட்டு சூட்ட இடுப்புல பிடிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன், மேடை ஏறணுமில்ல" என்றார். முடிச்சைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னால் அந்தப் படிவத்தை நவம்பர் வரை, அப்பா பதக்கம் வாங்கும் வரையாவது, எங்கேயாவது வைக்க முடியுமா? குழாய் உடைந்தது என்றோ, இயந்திரம் பழுது என்றோ. நான் கேட்டதாக இருக்க வேண்டாம்.

ஹில்கே

•

காசல்
13 அக்டோபர் 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காஸ்பர் ஒடீலியாவின் குட்டி இல்லை. லோட்டேயின் குட்டி. ஒடீலியாவின் குட்டி செத்துப் பிறந்தது, நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளில். ஹில்கே இரண்டு உயிரைக் காப்பாற்றினாள், பிறகு உங்களிடம் சொல்ல முடியாமல் போனது. பரிசோதனையை நான்தான் செய்தேன், மூன்று முறை. தவறு இல்லை. படிவம் நேற்று சங்கத்துக்குப் போய்விட்டது. அங்கே திறக்க ஒரு வாரம் ஆகும்.

இதை மெதுவாகச் சொல்ல வேறு யாருக்காவது தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகன்,
டீர்க்

•

கேடிங்கன்
20 அக்டோபர் 1984

டீர்க்,

மகனே, உன் கடிதத்தை அடுப்படியில் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை தொழுவத்துக்கு எடுத்துப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி படிப்பதும் குதிரையை ஒரு தடவை பார்ப்பதுமாக நின்றேன். குதிரை மாறவில்லை.

படிவத்தை அவர்கள் திறப்பதற்கு முன்னால் நானே சங்கத்துக்குப் போனேன். குதிரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். முத்திரை இரும்பை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன், பதக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நாப்பது வருஷம் இரும்பு பிடிச்ச ஆளு, தொழுவத்துல இருக்கறது யாரோட குட்டின்னு தெரியலயா உங்களுக்கு?" என்று கேட்டார் தலைவர். "நல்ல குட்டி. நல்லதாப் பாத்ததும் நம்ம வரிசைன்னு நெனச்சுட்டேன்" என்றேன். அவரும் அன்று டை கட்டி நின்ற மூவரில் ஒருவர்தான். அதற்குமேல் கேட்கவில்லை.

ஹில்கேயுடன் நான் பேசவில்லை. சூப் வைக்கிறாள், குடிக்கிறேன்.

பொலிக்கு ஆகாத ஆண்குதிரையை முழுசாக வைத்திருக்க முடியாது. காயடிக்க வேண்டும். பாடெ வருகிறேன் என்றார். வேண்டாம், என் மகனும் கால்நடை மருத்துவம் படித்தவன்தான் என்றேன். சனிக்கிழமை வா. உன் ஆயுதங்களைக் கொண்டு வா.

அப்பா

•

காசல்
23 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா? அதை மட்டும் உண்மையாக எழுது.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வருகிறேன். வெள்ளி சாயங்காலத்துக்குப் பிறகு அவனுக்குத் தீவனம் வேண்டாம், தண்ணீர் போதும். புது வைக்கோலாகப் பரப்பி வை, மரத்தூள் வேண்டாம், புண்ணில் ஒட்டும். தலையை நீ பிடிக்க வேண்டும். நான் கிட்டே வந்தால் காதை மடக்குகிறான் என்று நீ முன்பு ஒரு தடவை சொன்னாய், அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று. ஒடீலியாவின் இரத்தம் பொருந்தவில்லை என்று செப்டம்பர் 20-ஆம் தேதியே தெரியும். அன்றே எங்கள் தலைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிவத்தை இருபத்திரண்டு நாள் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். உன் பத்தாம் தேதிக் கடிதம் வந்தபோது, நீ கேட்டதை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். தலைவியிடம் சொல்லிவிட்டேன். இனி நம் ஊர்க் குழாய்கள் என் கைக்கு வராது. சரிதான்.

போட்டிகளில் ஓட, தாண்ட, காயடித்த குதிரைக்குப் பொலித் தேர்வு தேவையில்லை, பிறப்புத் தாள் போதும். புதிதாக ஒன்று நிரப்பியிருக்கிறேன். இப்படிப்பட்ட குதிரைக்குத் தாயின் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று விதி சொல்கிறது. நான் லோட்டே என்று எழுதியிருக்கிறேன். பதிவு எண்: இல்லை. வேலை: வண்டி இழுத்தல்.

டீர்க்

•

கேடிங்கன்
12 நவம்பர் 1984

அன்புத் தம்பி டீர்க்குக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் சாப்பிடுகிறேன். புண் காய்ந்துவிட்டது. நீ சொன்னபடி தினமும் நடத்துகிறேன், வீக்கம் இல்லை. காஸ்பர் என்மேல் கோபமாக இல்லை. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாது.

நேற்று மதியம் அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். காஸ்பரை நான் வட்டத்தில் ஓட விட்டுக்கொண்டிருந்தேன். வேலியோரம் உட்கார்ந்தார். வழக்கம்போலப் பேசாமல் இருப்பார் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காஸ்பர் மெல்லோட்டத்தில் போனான், அந்த முதுகை அசைக்காத ஓட்டத்தில், காலைத் தரையில் வைக்கும் முன் ஒரு நொடி காற்றில் நிறுத்துவானே, அப்படி.

இருபத்தேழு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நோக்கி அவர் குரல் கேட்டது.

"ஹில்கே, லோட்டே இப்படித்தான் ஓடுவாளா?"

"வண்டிய அவுத்துவிட்டா ஓடுவாப்பா. புல்வெளில."

நான் இரண்டு சுற்று சுற்றிவிட்டேன்.

"பதினெட்டு வருஷம் அவ கழுத்துல பட்டை மாட்டியிருக்கேன்" என்றார். "அவுத்துவிட்டுட்டு நேரா வீட்டுக்குள்ள போயிருவேன். ஒரு நாள்கூட நின்னு பாக்கல."

பிறகு, "கைய மாத்து, வலப்பக்கம் ஓடவிடு, அந்தப் பக்கம் எப்படி வெக்கிறான்னு பாப்போம்" என்றார். மாற்றினேன்.

குளிர் தொடங்கிவிட்டது. காதை மூடிக்கொள்.

உன் அக்கா,
ஹில்கே